கவிழ்ந்த படகை விட்டுப் போகாதே

போன மாதம் சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்து வாசல் திண்ணையில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். "தாத்தா, அடுத்த லீவுல நாங்க நாலு பேரு கடல்ல கயாக் ஓட்டப் போறோம்" என்றான். கைப்பேசியில் படமும் காட்டினான். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. இரண்டு முனையிலும் அகலமுள்ள ஒரே துடுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"கவிழ்ந்துட்டா என்னடா செய்வ?" என்று கேட்டேன்.

"லைஃப் ஜாக்கெட் போட்டிருப்போம் தாத்தா. எல்லாருக்கும் நல்லா நீச்சல் தெரியும். கரைக்கு நீந்தி வந்துருவோம்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அதன் பிறகு தூக்கம் வரவில்லை. 'கரைக்கு நீந்தி' என்ற அதே சொற்களை நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வாக்குமூலத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன்.

அப்போது தூத்துக்குடி தனி மாவட்டமாகவில்லை. 1986-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் வேம்பாறு வரையிலான கடற்கரை முழுவதும் திருநெல்வேலி மாவட்டம்தான். கடலோரத் தாலுகா ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஓர் ஆடி மாதம், இரண்டு பேர் போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. ஒருவர் மறுநாள் மத்தியானம் வேறொரு வள்ளத்தாரால் மீட்கப்பட்டார். மற்றவர் வரவில்லை. பிழைத்தவரை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். உதடு வெடித்து, தோள் இரண்டும் வெயிலில் உரிந்து, நாற்காலியில் உட்காரவும் கூச்சப்பட்டு நின்றுகொண்டே பேசினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"வள்ளம் மறிஞ்சதும் ரெண்டு பேரும் ஏராவைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம் சார். இருட்டினதும் கரை வெளக்கு தெரிஞ்சுது. 'இந்தா இருக்கு கரை, நீந்திருவோம் வா'ன்னான். நான் வேண்டாம்னேன். எனக்கு அவன் அளவுக்கு நீச்சல் வராது. அதனால நான் விடலை. அவன் கரைக்கு நீந்திப் போயிட்டான்."

ஏரா என்பது வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரம். கவிழ்ந்தால் அதுதான் மேலே வரும். கைக்குப் பிடி கிடைப்பது அது ஒன்றுதான்.

போனவர் அந்த ஊரிலேயே நல்ல நீச்சல்காரராம். அவருடைய மனைவி மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வருவார். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லாததால் உதவித்தொகை இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் வராவிட்டால்தான் அவர் இறந்ததாக அப்போது கொள்ள முடிந்தது. இதை அந்த அம்மாவிடம் சொல்லும் வேலை என்னுடையது. அவர் கோபப்படவில்லை. "அவுக நல்லா நீந்துவாக ஐயா. எங்கனயாச்சும் கரை ஏறியிருப்பாக" என்று மட்டும் சொல்வார். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார். எனக்கு மாறுதல் வந்தபோது நான்காவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

நன்றாக நீந்துகிறவர் போய்விட்டார், நீந்தத் தெரியாதவர் பிழைத்தார். அன்றைக்கு இதை விதி என்றுதான் நினைத்தேன். அதில் கணக்கு இருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆனி, ஆடியில் நம் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் அல்லவா? திருச்செந்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல் பக்கமெல்லாம் கரை கிழக்கு பார்த்தது. மேற்கேயிருந்து வரும் கச்சான் அங்கே கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. மேல்நீரும் அதோடு போகும். சுமாராக நீந்துகிறவர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே தண்ணீர் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் மிச்சம் ஒன்றுதான். பத்து கிலோமீட்டர் போகப் பத்து மணி நேரம் ஆகும். அலையில், இருட்டில், நாள் முழுக்க வலை இழுத்துக் களைத்த உடம்பால் அது ஆகாது.

கண்ணும் ஏமாற்றும். தண்ணீரில் கிடப்பவனுக்குக் கண் கடல்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் கடல்மட்டத்தில் உள்ள எதுவும் தெரியாது. ஆனால் திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரமும், மணப்பாட்டுக் குன்றின் மேல் உள்ள கோயிலும் வெகு தூரத்திலிருந்தே தெரியும். ராத்திரி விளக்கு என்றால் கேட்கவே வேண்டாம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும்.

மறுநாள் காலை காப்பி குடித்ததும் பேரனைப் பிடித்துக்கொண்டேன். "நீ போ. நான் தடுக்கலை. ஆனா கவிழ்ந்தா மறுபடி எப்படி ஏறுவேன்னு எனக்குச் செஞ்சு காட்டிட்டுப் போ" என்றேன். அவனுக்கும் அது தெரியவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடினோம். அவன் ஆங்கிலத்தில் படித்தான். எனக்குச் சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழிப் படிப்பு. அந்த மொழியில் இந்த விஷயம் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் பிரெஞ்சில் படித்தேன். எழுபது வயதுக்கு மேல் அது இப்படிப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகள் உள்ள நண்பர்களுக்குப் பயன்படும்.

கயாக் என்பது கிரீன்லாந்து முதலிய வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோல் போர்த்தியது. அங்கே தண்ணீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். விழுந்தவன் சில நிமிஷங்களில் கை கால் விறைத்துப்போவான். அந்த வேட்டைக்காரர்களில் பலருக்கு நீச்சலே தெரியாதாம். ஆகவே அவர்கள் படகைவிட்டு வெளியே வருவதில்லை. உடுப்பின் கீழ்விளிம்பைப் படகின் வாயோடு சேர்த்து இறுக்கிக்கொள்வார்கள். கவிழ்ந்தால் தலைகீழாக இருந்தபடியே துடுப்பை வீசி, இடுப்பை வெட்டி, படகோடு உருண்டு மறுபக்கம் எழுந்துவிடுவார்கள். பிரெஞ்சில் இதற்கு 'எஸ்கிமோத்தாஜ்' என்றே பெயர். ஐரோப்பியர்களில் இதை முதலில் தானாகக் கற்றுக்கொண்டவர் என்று பவ்லாட்டா என்ற ஆஸ்திரியரைச் சொல்கிறார்கள். பயண நூல்களைப் படித்துப் படித்து, 1927-இல் ஓர் ஏரியில் செய்து பார்த்தாராம். புத்தகத்தைப் பார்த்து நீச்சல் பழகுவது போலத்தான்!

உருண்டு எழ முடியாதவன் வெளியே வந்து மறுபடி ஏற வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பேரனை எங்கள் வீட்டு மரப்பெஞ்சில் வைத்து ஒத்திகை பார்த்தோம். துடுப்புக்கு ஒட்டடைக்கம்பு.

கவிழ்ந்தவுடன் பதறி உதறக் கூடாது. உடம்பை முன்னால் மடக்கி, இடுப்பைச் சுற்றியுள்ள மூடுதுணியின் முன்பக்க வாரை இழுத்துக் கழற்றி, காலை உருவி வெளியே வர வேண்டும். வரும்போதே ஒரு கை படகில் இருக்க வேண்டும். துடுப்பையும் விடக் கூடாது. காற்றடிக்கும்போது காலிப்படகு மனிதன் நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். ஒரு தடவை கைவிட்டுப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. அலை வருகிற பக்கமாக நாம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் அலை படகைத் தூக்கி நம் முகத்திலேயே அடிக்கும்.

பிறகு படகை நிமிர்த்த வேண்டும். துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு, மறுமுனையை உட்காரும் குழிக்குப் பின்னால் படகின் குறுக்கே வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இலங்கையில் பக்கக்கட்டை வைத்த தோணியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பக்கத்தில் ஒரு மிதவை இருந்தால் படகு அந்தப் பக்கம் சாயாது. அப்புறம் காலைத் தண்ணீரில் உதைத்து, குப்புறப் படுத்தபடி பின்பக்க மேல்தட்டில் ஏறி, முதலில் கால்களைக் குழிக்குள் விட்டு, மிதவை இருக்கும் பக்கமாகவே மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். கடைசி வரை தலையையும் மார்பையும் தாழ்த்தியே வைத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார அவசரப்பட்டால் மறுபடி கவிழும். உட்கார்ந்த பிறகு கைப்பம்பால் தண்ணீரை இறைக்க வேண்டும்.

பேரன் ஒட்டடைக்கம்போடு பெஞ்சில் குப்புறப் படுத்து நெளிந்துகொண்டிருந்தபோது என் மனைவி வந்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "பெஞ்சு ஆடாதுல்லா? கடல் ஆடுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. அமைதியான தண்ணீரில் இதையெல்லாம் செய்துவிடலாம். ஆனால் அமைதியான தண்ணீரில் படகு கவிழ்வதில்லையே! எந்த அலை கவிழ்த்ததோ அதே அலையில்தான் ஏற வேண்டும். முதல் தடவை ஏறி விழுந்தால் உடம்பில் பாதித் தெம்பு போய்விடும். இரண்டாம் தடவை விழுந்தால் மனசு விட்டுப்போகும். ஆகவே கவிழ்வதற்கு முன்பே கவிழ்ந்து பழகியிருக்க வேண்டும்.

பழகினாலும் தனியாகப் போகக் கூடாது. ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் கிரீன்லாந்துக்குப் போய் இனூயிட் மக்களிடமே கயாக் பழகியவர். உருண்டு எழுவதில் தேர்ந்தவர். 1932-இல் ஒருநாள் தனியாக வேட்டைக்குப் போனார். அவருடைய கயாக் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25.

இதைப் படித்தபோது எனக்கு நம் கட்டுமரம் நினைவுக்கு வந்தது. லேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அதற்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. ஆகவே தண்ணீர் புகுந்து மூழ்குவது என்ற பேச்சும் இல்லை. கரையோரத் திரையில் புரண்டால், மரம் மேலே விழாதபடி விலகிக் குதித்து, கயிற்றையோ மரத்தையோ விடாமல் பிடித்து, புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். துடுப்பையும் பாயையும் கட்டியே வைத்திருப்பார்கள். ஏறியதும் துடுப்பு இருக்க வேண்டுமே. இன்றைய கயாக்கில் முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் வைத்து, எல்லாவற்றையும் வாரால் கட்டி வைக்கிறார்கள். நம் ஆட்கள் கட்டைகளை வைத்தே செய்ததும் அதே காரியம்தான். இன்னொரு வேடிக்கை, நம் சொல்லையே எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இரட்டை உடல் கொண்ட படகுக்குக் 'கட்டமரான்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய கட்டமரான் ஒன்று நடுக்கடலில் கவிழ்ந்தால் அதில் போனவர்களால் நிமிர்த்த முடியாது. பெயரை மட்டும் கொண்டுபோனார்கள்!

நம் கரையிலும் இப்போது கட்டுமரம் அருகிப்போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. எஞ்சின் வைத்து வெகுதூரம் போகிறார்கள். கவிழ்ந்தால் அவ்வளவு எடையை நடுக்கடலில் இரண்டு மூன்று பேர் புரட்டிவிட முடியாது. ஆனாலும் கவிழ்ந்த படகு மிதக்கும் வரை அதுதான் அவர்களுக்குக் கரை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களும் கேரள மீனவர்களும் நூற்றுக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்து வந்தவர்களில் பலர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தவர்கள். செய்தித்தாளில் அவர்கள் சொன்னதைப் படித்தபோது, என் எதிரே தோள் உரிந்து நின்ற மனிதர் மறுபடி வந்து நின்றது போல இருந்தது.

பிடித்துக்கொண்டு கிடப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். காரைக்காலில் படிக்கும்போது பள்ளி நூலகத்தில் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிய புத்தகத்தைப் படித்திருக்கிறேன். கப்பல் உடைந்து கடலில் விழுந்தவர்கள் பசியாலும் தாகத்தாலும் சாவதற்கு முன்பே பயத்தாலும் நம்பிக்கை இழந்தும் சாகிறார்கள் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க 1952-இல் காற்றடைத்த ரப்பர்ப் படகில் தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 65 நாள் ஆயிற்று. அந்த வயதில் அவர் எங்களுக்கெல்லாம் பெரிய வீரர்.

அவருடைய கதையின் மிச்சம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1958-இல் பிரான்ஸின் எத்தேல் என்ற ஊரில், ஆறு கடலில் சேரும் மணல்திட்டின் மேல் புரளும் அலையில், ஒரு மிதவையைச் சோதிக்கத் தன்னார்வலர்களோடு போனார். மிதவை கவிழ்ந்தது. காப்பாற்ற வந்த படகும் கவிழ்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்தவருக்கு ஆற்றுமுகம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் அப்படிச் செய்துவிட்டது. நம் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது. ஆற்றுமுகத்தில் மணல் மேடிட்டு அலை எழும்பும் இடம் எவ்வளவு மோசமானது என்று நம் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் மேட்டால் படகு கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள்! நடுக்கடலில் தப்பியவரும் கரைக்கு வந்த பிறகு அங்கே சிக்குவதுண்டு.

பொம்பார் கடல்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றார். அது தவறு, குடிக்கக் கூடாது என்று மறுத்தவர் ஹன்னஸ் லிண்டெமான் என்ற ஜெர்மானிய டாக்டர். அவரும் சும்மா எழுதவில்லை. 1956-இல் மடக்கி வைக்கக்கூடிய கயாக் ஒன்றில் தனியாகவே அட்லாண்டிக்கில் இறங்கினார். 72 நாள் பயணம். வழியில் இரண்டு தடவை கவிழ்ந்தார். ஒரு தடவை ராத்திரி. புயலில் நிமிர்த்த முடியவில்லை. விடியும் வரை கவிழ்ந்த கயாக்கின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, வெளிச்சம் வந்ததும் நிமிர்த்தி ஏறினார். புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே, விட்டுவிடாதே, நீ போய்ச் சேருவாய் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி மனசைப் பழக்கிவைத்திருந்தாராம். நாம் ஜபம் என்கிறோம், அவர் அதற்கு மருத்துவப் பெயர் வைத்திருந்தார்.

என் எதிரே நின்ற மீனவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. தனக்கு நீச்சல் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு உண்மையை அவர் இருட்டிலும் மறக்கவில்லை. போனவருக்குத் தன் நீச்சல் மேல் நம்பிக்கை இருந்தது. தாமிரபரணியில் வளர்ந்த நாமும் அந்த ரகம்தான். குறுக்குத்துறையில் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆற்றுக்கு இரண்டு கரை இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் ஏறலாம். கடலுக்கு ஒரு கரைதான், அதுவும் காற்று விட்டால்தான்.

நம் கடலில் கிரீன்லாந்து போலக் குளிர் இல்லை. அது பெரிய வரம். தண்ணீரில் மணிக்கணக்கில் தாங்கலாம். அந்த மணி நேரங்களை நீந்திச் செலவழித்துவிடாமல், மிதப்பதைப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் அதன் மேல் ஏறிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தேடி வருகிறவர்களுக்கும் அலை நடுவே ஒரு மனிதத் தலை தெரியாது. கவிழ்ந்த படகு தெரியும்.

பேரன் ஊருக்குக் கிளம்பும்போது மூன்று விஷயங்களுக்கு வாக்கு வாங்கிக்கொண்டேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் போகக் கூடாது. தனியாகப் பிரிந்து போகக் கூடாது. கடலுக்குப் போவதற்கு முன் நீச்சல்குளத்தில், பழக்கிவிடுகிறவர் பக்கத்தில் இருக்க, பத்துத் தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏற வேண்டும். அந்த வாக்குமூலத்தையும் அவனுக்குச் சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவன் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செய்தி அனுப்பியிருந்தான். "தாத்தா, பத்து தடவை கவுந்தேன். ஏழு தடவை ஏறிட்டேன். பாட்டி சொன்னது கரெக்ட், பெஞ்சு மாதிரி இல்ல."

"மிச்சம் மூணையும் ஏறிட்டு அப்புறம் கடலுக்குப் போ" என்று பதில் போட்டேன்.